‘கேஸ் தீர்ந்துபோச்சு’ன்னு கஸ்டமர்கிட்ட சொல்றது நாசூக்கா, பொய்யா?

புதுக்கடை, தண்டையார்பேட்டை | 9.4.2025, இரவு 10:40

அண்ணன்மார்கிட்ட ஒரு கேள்வி. தனியாக ஏசி சர்வீஸ் ஆரம்பித்திருக்கிறேன். வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லும் பாடம் இது: கூலிங் இல்லை என்று கூப்பிட்டால் "கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபுல் பண்ணிடலாம்" என்று சொல், லீக் என்று வாயைத் திறக்காதே, கஸ்டமர் பயந்துபோய் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அதுதான் நாசூக்கு என்கிறார். எனக்கு உறுத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

ஏசிக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை | 9.4.2025, இரவு 11:25

பொய்தான் தம்பி. ஓட ஓடத் தீர்வதற்கு கேஸ் என்ன பெட்ரோலா? அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே மாட்டும் அவுட்டோர் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். பத்து வருடம் ஓடினாலும் அந்த எடை அப்படியே இருக்கவேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. "கேஸ் கம்மியா இருக்கு" என்பது பாதி வாக்கியம். "எங்கேயோ லீக் ஆகுது, எங்கேன்னு பார்க்கணும்" என்பது மீதிப் பாதி. முதல் பாதியை மட்டும் சொல்லிக் காசு வாங்கினால், மே மாதம் அந்த வீட்டில் மறுபடி சூடான காற்றுதான் வரும், அப்போது உன் நம்பரைத் திட்டிக்கொண்டே தேடுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. கேஸ் பிரஷர் பார்க்கும் கேஜை உடனே மாட்டாதே. கூலிங் இல்லை என்றாலே கேஸ் என்று ஆகாது. இந்த வரிசையில் போ:

முதலில் ஃபில்டரும், காற்றைத் தள்ளும் புளோயரும். புளோயர் இதழ்களில் பஞ்சு மாதிரி அழுக்கு அடைத்தால் காற்றே வராது. அடுத்து வோல்டேஜ். கோடையில் இரவு பத்து மணிக்கு மேல் தெருவே ஏசி போடும்போது 180க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் முனகிவிட்டு டிரிப் ஆகும். அடுத்து, மோட்டார் ஓட உதவும் கப்பாசிட்டர். அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு மீட்டரில் பார். மேலே 50 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), கூட்டிக் குறைத்து 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 47.5க்குக் கீழே போகக்கூடாது. மீட்டர் 38 காட்டினால் உன் வேலை அங்கேயே முடிந்தது. அவுட்டோர் ஃபேன் வேகமாகச் சுற்றுகிறதா, காயில் தூசி அடைத்திருக்கிறதா, அதையும் பார்த்துவிடு. இதெல்லாம் சரி என்ற பிறகுதான் கேஜ். ஒவ்வொரு தடவை ஹோஸ் மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் கேஸ் போகும், அதுவும் கஸ்டமர் சொத்துதான்.

மீட்டரை அவர் பக்கம் திருப்பிப் பிடி. "இதுல 50னு போட்டிருக்கு, இங்க 38 காட்டுது, நீங்களே பாருங்க அக்கா." இதைவிட நாசூக்கான பேச்சு எனக்குத் தெரியாது.

ஏசிக்காரர் | 9.4.2025, இரவு 11:50

விட்டுப்போனது. ஐஸ் பிடித்திருந்தால் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திற. அவுட்டோர் வால்வில் சின்னக் குழாய் மட்டும் வெள்ளை பூத்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். பெரிய குழாய் வரை ஐஸ் ஏறியிருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் கோளாறு: ஃபில்டர், புளோயர், காயில் அழுக்கு. கழுவிவிட்டால் போதும் என்ற இடத்தில் கேஸ் காசு வாங்குவது எவ்வளவு இனிப்பாகப் பேசி வாங்கினாலும் திருட்டு.

புதுக்கடை | 10.4.2025

சரிண்ணா. ஆனால் லீக் என்று சொன்னதும் முதல் கேள்வியே "அப்ப போன வருஷம் போட்ட ஆள் ஏமாத்திட்டானா?" என்றுதான் வருகிறது. அந்த ஆள் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். என்ன சொல்ல?

ஏசிக்காரர் | 10.4.2025, மதியம்

அவர் என்ன செய்தார் என்பதை நீ பார்க்கவில்லை. பார்க்காததைச் சொன்னால் அதுவும் பொய்தான், திட்டாகச் சொன்னாலும் சரி, பாராட்டாகச் சொன்னாலும் சரி. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் பேசு: "போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். இன்னைக்கு இந்த நட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு, சோப்பு போட்டா குமிழி வருது."

கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால் லீக் ஆகும் இடத்தில் பிசுக்கு கட்டும், அதில் தூசி ஒட்டும். முதலில் கண்ணால் தேடு, பிறகு சோப்பு நுரை. குமிழி வருவதை வீட்டில் இருப்பவர் பார்த்துவிட்டால் வாக்குவாதமே கிடையாது. குழாயின் விரித்த முனையை (ஃப்ளேர்) இறுக்கும் நட்டுதான் என்றால் விரிசல் விட்ட முனையை வெட்டி, வெட்டிய பிசிரை எடுத்து, புது ஃப்ளேர் போட்டு, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கு. இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று கை பலத்தில் முறுக்கியே பாதி ஃப்ளேர் கிழிகிறது.

வெளியே எங்கும் கிடைக்கவில்லை என்றால் நைட்ரஜன். 300 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) ஏற்றி வைத்துப் பார். ஆக்சிஜன் சிலிண்டர்தான் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த வேலையை விட்டே இறங்கிவிடு. எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். மதியம் ஏற்றிய 300 இரவில் 295 காட்டினால் உடனே லீக் என்று அறிவிக்காதே. நைட்ரஜன் பிரஷர் 3 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம் மாறும், வெப்பம் 5 டிகிரி இறங்கினாலே அந்த 5 பிஎஸ்ஐ போய்விடும். ஏற்றும்போது வெப்பநிலையையும் குறித்துக்கொள்.

ஏசிக்காரர் | 10.4.2025, இரவு

இன்னொன்று. எங்கே லீக் என்று கிடைக்கவே இல்லை என்றால், "கிடைக்கலை" என்றே சொல். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலரும் "காயில் போச்சு" என்று அடித்துவிடுகிறார்கள்.

வீட்டம்மா, திருவொற்றியூர் | 11.4.2025

கஸ்டமர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எண்ணெய், குமிழி எல்லாம் காட்டுவது நல்லதுதான். எங்களுக்கு முதலில் தெரியவேண்டியது எவ்வளவு ஆகும் என்பது. விசிட் சார்ஜ் தனியா, வேலை செய்தால் அதில் கழியுமா, இதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது "உள்ள ஒரே கரப்பான்" என்று கூடத்தில் நின்று கத்தாதீர்கள்.

ஏசிக்காரர் | 11.4.2025

அக்கா சொன்ன இரண்டும் முக்கியம். நேற்று நான் எழுதியதில் உண்மையைக் காட்டுவது மட்டும்தான் இருக்கிறது. யாருக்கு, எப்போது, எந்தக் குரலில் என்பது இல்லை. அதைச் சேர்க்கிறேன்.

போனில்: "வந்து பார்க்க இவ்வளவு. வேலை சொன்னா அதுல கழிச்சுக்குவேன். என்ன பிரச்சினைன்னு பார்க்காம வேலைக்கு ரேட் சொல்ல முடியாது, ஆனா உங்களக் கேக்காம ஒரு நட்டையும் கழட்ட மாட்டேன்." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அப்படியே நடக்கவேண்டும்.

வீட்டில்: காசு கொடுப்பவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள். வாடகை வீட்டில் ஏசி உரிமையாளருடையதாக இருக்கும், போனில் அவரிடமும் அதே வார்த்தையைச் சொல். குடியிருப்பவரிடம் ஒன்று, உரிமையாளரிடம் ஒன்று என்றால் சாயங்காலத்துக்குள் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள்.

அழுக்கு விஷயத்தில்: கரப்பான், பல்லி, எலி இவை மூன்றும் இந்தத் தொழிலில் உண்மையான காரணங்கள், மறைக்கக்கூடாது. பல்லி அவுட்டோரில் இருக்கும் மின்னணு போர்டுக்குள் (பிசிபி) போய் ஷார்ட் ஆகும், எலி சென்சார் ஒயரைக் கடிக்கும், தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாயில் கொழகொழவென்று பாசி அடைத்தால் சுவரில் தண்ணீர் இறங்கும். வீட்டைப் பற்றிப் பேசாமல் மெஷினைப் பற்றிப் பேசு. "ஒயர் போற ஓட்டை பெருசா இருக்கு சார், அது வழியா பல்லி வருது, அடைச்சுட்டுப் போறேன்." காரணமும் சொன்னாய், யாரையும் குத்தவில்லை, அடைப்பதும் உன் வேலைதான்.

ஃபிரிட்ஜ் வேலை, பெரம்பூர் | 12.4.2025

ஃபிரிட்ஜிலும் இதே கதை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் மேலே ஃப்ரீஸர் ஜில்லென்று இருக்கும், கீழே பால் திரியும். உடனே "கேஸ்" என்பார்கள். மேலே குளிர் இருக்கும்போது கேஸ் எங்கே போனது? ஃப்ரீஸருக்குள் பின்பக்க பேனலைக் கழற்றினால் காயில் முழுக்க ஐஸ் கட்டிக் காற்று வழியை அடைத்திருக்கும். ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், சூட்டில் துண்டிக்கும் பைமெட்டல், டைமர் இந்த மூன்றில் ஒன்று போயிருக்கும். கதவு ரப்பரைச் (கேஸ்கெட்) சோதிக்க ஒரு காகிதம் போதும்: கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தாராளமாக வருகிற இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சில சமயம் வெந்நீர்த் துணி வைத்து நீவிவிட்டாலே உட்காரும். அதற்குப் புது கேஸ்கெட் விற்கவேண்டாம்.

ஆர் 600ஏ கேஸ் போட்ட ஃபிரிட்ஜ் என்றால் ஒரு விஷயத்தில் மட்டும் நாசூக்கு பார்க்காதீர்கள். அது எரியும் கேஸ். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் "அம்மா, அடுப்பை அணைங்க, ஜன்னலைத் திறங்க, அதுக்கப்புறம்தான் தொடுவேன்" என்று கறாராகச் சொல்லவேண்டும். சாம்பார் கொதிக்கிறது, ஐந்து நிமிடம் என்பார்கள். காத்திருங்கள், ஆனால் தொடாதீர்கள்.

ஏசிக்காரர் | 12.4.2025

ஆர் 32 கேஸ் போட்ட ஏசிக்கும் இது பொருந்தும். மெதுவாக எரியும் வகை, ஆனாலும் எரியும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயைப் பற்றவைக்கும் பிரேசிங் டார்ச் வைத்தால் தீ ஒரு பக்கம், அந்தச் சூட்டில் கேஸ் சிதைந்து வரும் நச்சுப் புகை இன்னொரு பக்கம். கேஸை வெளியே எடுத்து, நைட்ரஜன் ஓட்டி, பிறகுதான் டார்ச். "சீக்கிரம் முடிங்க, ஆபீஸ் கால் இருக்கு" என்று அவசரப்படுத்தினால் நேரத்தைச் சுருக்காமல் வேலையைத் தள்ளிப்போடு.

ஏசிக்காரர் | 14.4.2025

புத்தாண்டு வாழ்த்துகள். ஒரு தவறைத் திருத்தவேண்டும். மீட்டரைக் காட்டு என்றதும் சிலர் கேஜையும் அப்படியே காட்டச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நான் பிரித்துச் சொல்லாதது என் பிழை. கப்பாசிட்டர் எண் தெளிவான ஆதாரம். கேஜ் எண் அப்படி இல்லை.

மெஷின் நிற்கும்போது பார்க்கும் பிரஷர் கேஸின் அளவைச் சொல்லவே சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் வெப்பநிலைக்கு உரிய பிரஷரைத்தான் காட்டும். 35 டிகிரி வெயிலில் ஆர் 32 சுமார் 300, ஆர் 22 சுமார் 180 பிஎஸ்ஐ. முக்கால்வாசி போயிருந்தாலும் அதேதான் காட்டக்கூடும். ஓடும்போது ஆர் 22இல் 60 முதல் 75, ஆர் 410ஏ, ஆர் 32 இரண்டிலும் 110 முதல் 140 என்பது சாதாரண கம்ப்ரஸருக்கான கணக்கு. இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், அதில் முள்ளும் ஆடும். அந்த முள்ளைக் காட்டி "பாருங்க சார், கம்மி" என்று சொல்வது படம் காட்டுவதுதான். பல மாடல்களில் முழு வேகத்தில் ஓடவைக்க டெஸ்ட் மோடு உண்டு, அதில் போட்டு, அறைக்குள் இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வருகிறதா பார், ஆம்பியரைப் பார், மூன்றையும் சேர்த்துப் பேசு.

சந்தேகமே வேண்டாம் என்றால் ஒரே வழி: இருக்கும் கேஸை முழுக்க வெளியே எடுத்து எடை போடு. ஸ்டிக்கரில் 800 கிராம், வந்தது 350 என்றால் அதுதான் சாட்சி. பழுது பார்த்த பிறகு பம்ப் வைத்துக் குழாயைக் காலியாக்கி, வேக்கத்தை 500 மைக்ரானுக்கு (மிச்சக் காற்றழுத்த அளவு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தியும் அது ஏறாமல் நிற்கிறதா பார்த்து, தராசில் வைத்து ஸ்டிக்கர் எடையை ஏற்று. குழாய் நீளம் கூடுதல் என்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். தராசு எண்ணை அவர் போனில் படம் எடுக்கச் சொல்.

புதுக்கடை | 14.4.2025

வேக்கம் போடும் அரை மணி நேரம்தான் பெரிய பிரச்சினை. "சும்மா மெஷினைப் போட்டுட்டு உக்காந்திருக்கான், இதுக்குக் காசா" என்ற பார்வை.

ஏசிக்காரர் | 14.4.2025

தொடங்கும் முன்பே சொல்லிவிடு: "இப்ப அரை மணி நேரம் நான் சும்மா இருக்கிற மாதிரி தெரியும். குழாய்ல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இந்த பம்ப் இழுக்குது. இதை விட்டா கம்ப்ரஸர் சீக்கிரம் போகும்." முன்னால் சொன்னால் விளக்கம், அவர் முகம் சுளித்த பிறகு சொன்னால் சாக்கு. அந்த நேரத்தில் ரிமோட்டில் 24 வைத்து சீலிங் ஃபேனைச் சுற்றவிட்டால் போதும் என்பதையும், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எப்படிக் கழற்றிக் கழுவுவது என்பதையும் காட்டு. உனக்கு ஒரு விசிட் குறையும். குறையட்டும்.

வீட்டம்மா, திருவொற்றியூர் | 17.4.2025

எங்கள் தெருவில் எல்லோருக்கும் காயில் சீக்கிரம் போகிறது. ஒருவர் புது ஏசி வாங்கு என்கிறார், ஒருவர் காயில் மாற்று என்கிறார். யாரை நம்புவது?

ஏசிக்காரர் | 18.4.2025

இதுதான் நம் பகுதியில் மிகக் கடினமான பேச்சு அக்கா, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் உப்புக்காற்று. அது அலுமினியத் தகடுகளை வெள்ளைப் பொடியாக உதிர்க்கிறது. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்து வீடுகளில் வேறு கதை. சாக்கடையிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பைக் கறுக்கடித்து அரிக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தக வாயுவால்தான். இண்டோர் காயிலின் வளைவுகள் கறுத்திருந்தால் அநேகமாக இதுதான். புதிதாக பிளைவுட் அலமாரி அடித்த அறையில் பசையிலிருந்தும் பெயின்டிலிருந்தும் வரும் அமில ஆவியாலும் செம்புக்குள் எறும்புப்புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஆகவே "கம்பெனி மட்டம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் தவறு, "நீங்க சரியா வெச்சுக்கலை" என்பதும் தவறு.

மெக்கானிக் உங்களிடம் சொல்லவேண்டியது: ஓட்டை ஒரே இடத்தில், சுற்றிலும் செம்பு பளிச்சென்று இருந்தால் பிரேசிங் போதும். பல இடத்தில் கறுத்திருந்தால் ஒன்றை அடைத்தாலும் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று திறக்கும், அதை அடைத்துக் காசு வாங்கக்கூடாது. காயில் மாற்றலாம் என்றால் இரண்டு விலையையும் எழுதிக்கொடுக்கவேண்டும்: காயில், கேஸ், கூலி சேர்த்து ஒன்று, அதே அளவு புது மெஷின் விலை இன்னொன்று. கம்ப்ரஸரின் வயதையும் சொல்லவேண்டும். வாரண்டி அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும், கண்டென்சருக்கு (அவுட்டோர் காயில்) தனி வாரண்டி இருக்கலாம். நமக்கு வரும் வேலை கம்பெனி சர்வீஸுக்குப் போகும், போகட்டும்.

புது ஏசி வாங்குங்கள் என்று சொல்கிறவருக்கு ஷோரூமில் கமிஷன் உண்டா? உண்டு என்றால் அதையும் சொல்லவேண்டும். "அந்தக் கடையில வாங்கினா எனக்கு ஒரு தொகை வரும் அக்கா. வேற கடையிலயும் விலை கேட்டுட்டு வாங்க." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாக்கு எழாதவர்கள் புது மெஷின் யோசனையே சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

கோட்டிங் போட்ட காயில் வாங்கினால் தாங்கும் காலம் கூடும், அரிக்கவே அரிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவுட்டோரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபக்கம் மாட்டினால், மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவினால் உப்பு தங்காது. கழுவும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும்.

ஃபிரிட்ஜ் வேலை, பெரம்பூர் | 18.4.2025

வெள்ளத்தில் நனைந்த மெஷினுக்கு என்ன சொல்வீர்கள்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நனைந்தவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

ஏசிக்காரர் | 19.4.2025

எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. காயிலில் படிந்த பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது, காயில் கிளீனர் போட்டுத்தான் எடுக்கவேண்டும். பிசிபி காய்ந்த பிறகு ஓடும், ஆனால் பின்களுக்குள் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். "இப்ப ஓடுது. எத்தனை நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாது. இந்த போர்டுக்கு நான் கேரண்டி தரலை" என்று சொல்லி, அதையே பில்லிலும் எழுதுங்கள். வாயால் மட்டும் சொன்னால் ஆறு மாதம் கழித்து இருவருக்கும் வேறு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

பில் கொடுக்காமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போனால் பேச்சுத் திறமை உதவாது, அந்தத் தாள்தான் உதவும்.

புதுக்கடை | 23.4.2025

கடைசியாக ஒன்று. வேலை செய்யும்போது நாமே உடைத்துவிட்டால்? இண்டோர் மூடியின் லாக், காற்றைத் திருப்பும் லூவரின் பல், இதெல்லாம் பழைய பிளாஸ்டிக்கில் தொட்டாலே நொறுங்குகிறது. சொல்லாமல் மூடிவிட்டால் தெரியாது.

ஏசிக்காரர் | 23.4.2025

தெரியும் தம்பி. அடுத்த மெக்கானிக் திறக்கும்போது தெரியும்.

கழற்றும் முன்பே, ஏற்கெனவே விரிசல் இருக்கிற இடத்தை அவருக்குக் காட்டிவிடு, படம் எடுத்துக்கொள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் என்றால் "கழட்டும்போது உடையலாம், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தொடு. அதையும் மீறி உன் கையால் உடைந்தால், அவர் பார்ப்பதற்கு முன் நீயே சொல், பில் போடுவதற்கு முன் சொல். "என் கையில உடைஞ்சுடுச்சு சார். இந்த லாக் தனியா கிடைக்குமான்னு கேக்குறேன், கிடைச்சா என் செலவுல போட்டுத் தர்றேன். கிடைக்கலைன்னா ஸ்க்ரூ போட்டு நிக்க வைக்கலாம், பார்க்க அவ்வளவு நல்லா இருக்காது." பழைய பிளாஸ்டிக், அது தானாக உடைந்தது என்று இழுக்காதே. அது உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் சாக்காகத்தான் கேட்கும்.

ஏசிக்காரர் | 24.4.2025

முதல் கேள்விக்கு இன்னும் ஒரு சின்ன விஷயம். அவுட்டோர் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு. அழியாத பேனாவால் எழுது: தேதி, எந்த இடத்தில் லீக், என்ன செய்தாய், எந்த கேஸ், எத்தனை கிராம், நைட்ரஜன் எவ்வளவு நேரம் நின்றது. கீழே உன் கடைப் பெயர். அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும், நீ கஸ்டமரிடம் சொன்னதும் அங்கே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். வெயிலில் சாதாரணக் காகிதம் உரிந்துவிடும், பிளாஸ்டிக் லேபிளாக வாங்கு.